வானத்தில் ஒரு தாழ்வாரம்

சூளகிரியில் பேருந்து ஏறி ஓசூரை நோக்கிச் செல்லும்போது, முன்பெல்லாம் சாலையின் இரு மருங்கிலும் கேழ்வரகுக் கொல்லைகளும் புளிய மரங்களுமே கண்ணில் பட்டன. இன்று தொழிற்சாலைக் கூரைகளுக்குப் பின்னால் ஐந்து மாடி, எட்டு மாடி, அதற்கும் மேல் என அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில், எட்டாம் மாடியில், என் நண்பர் ஒருவர் வீடு வாங்கிக் குடியேறினார். மார்ச் மாதத்தில் ஒருநாள் மாலை நாலரை மணி அளவில் அவரைக் காணச் சென்றேன். கூடத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. அதன்மேல் கனத்த திரை இழுத்து மூடப்பட்டிருந்தது. பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எட்டாவது மாடின்னா காத்து பிச்சுக்கும்னு நெனச்சேன் சார். இப்ப பாருங்க, சாயங்காலம் ஆனா கீழ பார்க்கிங்ல போய் உக்காந்துக்கறேன்" என்றார் அவர்.

அவருடைய பழைய வீட்டை நான் அறிவேன். சூளகிரி மலையடிவாரத்தில் கருங்கல் பலகை பரப்பிய திண்ணையும், அதைக் கடந்தால் ஓடு வேய்ந்த தாழ்வாரமும், அதற்கும் உள்ளே இருண்ட, குளிர்ந்த அறையும் உடைய வீடு அது. மாலை வெயில் திண்ணை வரை வரும், அறைக்குள் வராது. தரையில் நின்ற வீட்டில் இருந்த இந்தச் சிறு வசதி, வானத்தில் நிற்கும் வீட்டில் ஏன் இல்லாமற் போயிற்று? உயரத்தில் அது இயலாத காரியமா?

இயலும் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கட்டிக் காட்டிவிட்டார். அக்கட்டடம் பம்பாயில் இருக்கிறது. (1995 முதல் அந்நகரின் பெயர் மும்பை. கட்டடம் எழுந்த காலத்தின் பெயரையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.) கம்பாலா குன்றின் சரிவில், பெடர் சாலையை ஒட்டி நிற்கும் 'காஞ்சன்ஜங்கா' என்னும் அடுக்குமாடிதான் அது.

வெள்ளைக் கோபுரம்

1970இல் திட்டமிடத் தொடங்கி 1983இல் முடிக்கப்பட்ட கட்டடம் இது. அடிப்பரப்பு 21 மீட்டருக்கு 21 மீட்டர் கொண்ட ஒரு சதுரம். உயரம் 84 மீட்டர். அதாவது அகலத்தைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு கனசதுரங்களை அடுக்கினால் கிடைக்கும் உருவத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபத்தெட்டு மாடி. அவற்றுள் அமைந்த வீடுகள் 32 மட்டுமே. மாடிக்கு ஒரு வீட்டுக்குச் சற்றே கூடுதலான கணக்கு வருகிறது என்றால், ஒவ்வொரு வீடும் எத்தனை பெரியது என்பது விளங்கும். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு படுக்கையறைகள் என நான்கு வகை வீடுகள் உண்டு. செல்வர்களுக்கெனக் கட்டப்பட்டது என்பதில் ஒளிவு மறைவு இல்லை.

சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பதினாலு மாடிக் கட்டடத்தை நம்மவர் நெடுங்காலம் உயரத்திற்கு அளவுகோலாகக் கொண்டிருந்தனர். ஊரிலிருந்து சென்னை செல்வோர் அதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணுவார்கள். காஞ்சன்ஜங்கா அதைப்போல் ஒன்றரை மடங்கு உயரம்.

ஆனால் இதன் புகழ் உயரத்தால் வந்ததன்று. வெள்ளைச் சுவர்களையுடைய இந்த நெடிய பெட்டியின் மூலைகளில், இரண்டு மாடி உயரத்திற்குக் கத்தியால் செதுக்கி எடுத்தாற்போல் ஆழமான குடைவுகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வெண்ணெய்க் கட்டியை யாரோ அங்கங்கே வழித்துத் தின்றது போல் தோன்றும். அந்தக் குடைவுகளில்தான் நமது கதை இருக்கிறது.

இதை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1930இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பயின்று, பம்பாய் திரும்பித் தொழில் நடத்தி, 2015இல் மறைந்தார். சபர்மதி ஆசிரமத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம் அவருடைய இளவயதுப் படைப்பு. காஞ்சன்ஜங்காவில் அவருடன் கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா துணை நின்றார். கட்டுமானக் கணக்குகளைப் பொறியாளர் சிரீஷ் பட்டேல் கவனித்தார். இந்த மூவரின் பெயரையும் நினைவில் வையுங்கள்; பின்னால் வேறோர் இடத்தில் வருவார்கள்.

உச்சி மாடியில் ஏழை இருந்த காலம்

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். அடுக்குமாடி வீடு புதிய கண்டுபிடிப்பு அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நகரில் வாடகைக்கு விடும் பல மாடிக் குடியிருப்புகள் இருந்தன. அவை அடிக்கடி இடிந்தும் எரிந்தும் போனமையால், பேரரசர் அகஸ்டஸ் 70 ரோம அடிக்கு மேல், அதாவது சுமார் 20 மீட்டருக்கு மேல், கட்டக் கூடாது என வரம்பு விதித்தார். அந்நாளில் வசதியுள்ளவர் கீழ்த்தளத்தில் குடியிருந்தனர். தண்ணீர்க் குடத்தையும் விறகையும் சுமந்துகொண்டு ஆறாம் மாடிக்கு ஏறியவன் ஏழை.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியது ஒரு பற்சக்கரமும் வில்லும். கயிறு அறுந்தாலும் கூண்டு விழாமல் பக்கச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் பாதுகாப்பு அமைப்பை எலிஷா ஓட்டிஸ் என்பவர் உருவாக்கி, 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில், தாம் நின்ற மேடையின் கயிற்றையே வெட்டச் செய்து காட்டினார். 1857இல் அந்நகரின் ஒரு கடையில் ஆட்களை ஏற்றும் மின்தூக்கி வந்தது. (அது உண்மையில் நீராவித்தூக்கி, மின்சாரம் பிறகுதான் வந்தது.) 1884இல் நியூயார்க்கில் முடிக்கப்பட்ட 'டகோட்டா' போன்ற மாளிகைகள், பணக்காரரும் அடுக்குமாடியில் வாழலாம் என்ற எண்ணத்தைப் பரப்பின. ஏற வேண்டிய சிரமம் நீங்கியதும், உயரம் என்பது காட்சியாகவும் காற்றாகவும் மாறியது. விலை மேலே ஏறியது. இன்று பத்தாம் மாடி வீட்டுக்கு இரண்டாம் மாடி வீட்டைவிடக் கூடுதல் விலை சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பற்சக்கரம்தான்.

மேற்குத் திசை என்னும் சிக்கல்

கடலை ஒட்டிய பம்பாயில் எந்தத் திசையை நோக்கி வீடு கட்டுவது? மேற்கே அரபிக் கடல். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும். சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இந்தக் கடற்காற்றைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பம்பாயில் அது மேற்கிலிருந்து வருகிறது. கிழக்கே துறைமுகம். ஆகவே காற்றும் காட்சியும் கிழக்கு மேற்காக அமைந்துள்ளன.

ஆனால் கொளுத்தும் மாலை வெயில் வருவதும் அதே மேற்கிலிருந்துதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ அந்தப் பக்கமிருந்தே அடிக்கிறது. வேண்டியதும் வேண்டாததும் ஒரே வாசல் வழியே வருகின்றன! ஜன்னலைத் திறந்தால் நான்கும் உள்ளே வரும். மூடினால் நான்கும் வெளியே நிற்கும்.

'சன்ஷேடு' போட்டால் போதாதா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். அன்று சூரிய நேரப்படி மாலை 4 மணிக்கு, நம் ஓசூர்ப் பகுதியிலும் சரி பம்பாயிலும் சரி, சூரியன் அடிவானத்திற்கு மேல் 30 பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். (கடிகார நேரம் வேறு. பம்பாய் நமது திட்ட நேரக் கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால், அங்கே கடிகாரம் 4.40ஐத் தாண்டும்போதுதான் சூரியனுக்கு 4 மணி.) இந்தச் சாய்ந்த கதிரை மேற்குச் சுவரில் தடுக்க, 60 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு எவ்வளவு நிழல் தரும் தெரியுமா? அதற்குக் கீழே ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். ஒரு சாண் அரை! மீதிக் கண்ணாடி முழுவதும் வெயிலில் நிற்கும். அதுமட்டுமன்று. அந்நேரத்தில் மொட்டைமாடியின் ஒரு சதுர அடியில் விழும் நேர்வெயிலைவிட, மேற்குச் சுவரின் ஒரு சதுர அடியில் விழும் நேர்வெயில் ஏறத்தாழ 1.8 மடங்கு. உச்சிப் பொழுதுக்கு நாம் அஞ்சுகிறோம். ஜன்னலோ நாலு மணிக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது.

மழைக்கும் இதே கதைதான். பெரிய மழைத்துளி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று கொள்வோம். காற்று வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் வீசினால், துளி ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் இரண்டு மீட்டர் பக்கவாட்டில் போய்விடும். 60 சென்டிமீட்டர் சன்ஷேடு அப்போது காப்பது அதன் கீழுள்ள 30 சென்டிமீட்டரை மட்டுமே. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடுவதால், மேல் மாடியில் மழை படுக்கைவாட்டில்தான் பெய்கிறது எனலாம்.

அப்படியானால் அந்தச் சன்ஷேடு 60 சென்டிமீட்டராக இல்லாமல் 6 மீட்டராக இருந்தால்? 4 மணிக்குச் சுவரில் மூன்று மீட்டருக்கும் மேல் நிழல் விழும். 3 மணிக்கு ஐந்தரை மீட்டருக்கும் மேல். மழையையும் மூன்று மீட்டர் உயரம் வரை தடுக்கும். ஆறு மீட்டர் ஆழமுள்ள சன்ஷேடுக்கு நமக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: தாழ்வாரம்.

இரண்டு அரண்கள்

கொரியா செய்தது இதுதான். வெள்ளையர் காலத்துப் பங்களாக்களில் நடுவே கூடமும் அறைகளும், அவற்றைச் சுற்றி அகன்ற தாழ்வாரமும் இருந்ததை அவர் கண்டிருந்தார். வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்வது தாழ்வாரம். உள்ளறைக்குக் காற்று மட்டும் செல்லும். கோட்டைக்கு வெளிமதில், உள்மதில் என இரண்டு அரண் இருப்பதுபோல. இதே எண்ணத்தை அவர் 1960களில் பம்பாயிலேயே 'சோன்மார்க்' என்னும் சிறிய அடுக்குமாடியில் சோதித்துப் பார்த்தார். அங்கே கூடத்தையும் படுக்கையறையையும் உள்ளே வைத்து, குளியலறை, படிப்பறை, தாழ்வாரம் ஆகியவற்றை வெளிவரிசையில் நிறுத்தினார். காஞ்சன்ஜங்காவில் அந்த வெளிவரிசை, மூலைகளில் இரண்டு மாடி உயரமுள்ள தோட்ட முற்றமாக விரிந்தது. நாம் முன்பு பார்த்த குடைவுகள் இவையே.

இரண்டு மாடி உயரம் எதற்கு? ஒரு மாடி உயரத்தில் ஆறு மீட்டர் ஆழத்திற்குக் கூரை போட்டால் உள்ளே குகைபோல் இருண்டுவிடும். உயரத்தை இரட்டித்தால் வானத்தின் வெளிச்சம் உள்ளே வரும், செடி வளரும், நின்று பார்த்தால் தலைக்குமேல் கூரை இருப்பதே மறந்துபோகும். கொரியா தம் எழுத்துக்களில் 'வானம் நோக்கிய வெளி' என்ற கருத்தை மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். நம் நாட்டு வெப்பநிலையில் மனிதன் நாளின் ஒரு பகுதியை, ஆண்டின் சில மாதங்களை, திறந்த வெளியிலேயே கழிக்கிறான். ஆகவே முற்றமும் மொட்டைமாடியும் வீட்டின் மிச்சமன்று, அவையும் அறைகளே என்பது அவர் வாதம். மழையை மட்டும் நம்பிய கொல்லைகளை 'வானம் பார்த்த பூமி' என்று சொல்லும் நமக்கு, 'வானம் பார்த்த வீடு' என்பது புரியாத தொடரன்று.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வீட்டின் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால், எட்டாம் மாடியானாலும் எண்பதாம் மாடியானாலும் காற்று உள்ளே வராது. காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் மிகும். எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறையும். இரண்டிலும் திறப்பு இருந்தால்தான் அழுத்த வேறுபாடு காற்றை வீட்டினூடே இழுத்துச் செல்லும். இதைச் சோதிக்க விரும்பும் மாணவர்கள் ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் துளையிட்டு, மின்விசிறியின் எதிரே வைத்து, உள்ளே ஊதுவத்திப் புகையைச் செலுத்திப் பாருங்கள். புகை அங்கேயே சுழலும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை இட்டதும் ஓடிப்போகும்.

நடுவே நடைவழியும் இரு புறமும் வீடுகளுமாகக் கட்டப்படும் வழக்கமான அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்தான் கிடைக்கிறது. என் நண்பரின் குறைக்கு விடை இங்கே இருக்கிறது. காஞ்சன்ஜங்காவில் ஒவ்வொரு வீடும் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை ஊடுருவிச் செல்கிறது. அதற்காக வீடுகளைத் தட்டையாக அடுக்காமல், மூன்று படுக்கையறை வீட்டையும் நான்கு படுக்கையறை வீட்டையும் கைவிரல்களைக் கோப்பதுபோல் மேலும் கீழுமாகக் கோத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே சில படிகள் ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கும். பிரான்சின் மார்செய் நகரில் லே கொர்பூசியே 1952இல் முடித்த பெருங்குடியிருப்பில் இவ்வாறு கோத்த வீடுகள் உண்டு; அதில் 337 வீடுகள். கொரியா அந்தக் கோப்பைப் பயன்படுத்தி, அதனுள் நம் தாழ்வாரத்தையும் வைத்தார்.

கிணற்றுப் படிக்கல்லும் தொங்கும் முற்றமும்

மூலையில் முற்றம் வேண்டும் என்று வரைவது எளிது. அந்த மூலையில் தூணை நிறுத்தினால் முற்றத்தின் அழகும் காட்சியும் போய்விடும். தூண் இல்லாவிட்டால் தளத்தைத் தாங்குவது எது? காஞ்சன்ஜங்காவில் இந்த முற்றத் தளங்கள் 6.3 மீட்டர் தூரம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள இத்தகைய அமைப்பைப் பொறியியலார் காண்டிலீவர் என்பர்.

நம் ஊர்க் கிணறுகளில் இறங்கியவர்களுக்கு இது புதிதன்று. கிணற்றுச் சுவரில் ஒரு முனை பதிந்து, மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கற் படிகள் காண்டிலீவர்களே. ஆனால் அவை இரண்டடிக்கு மேல் நீள்வதில்லை. ஏன்? நீளும் கல்லின் மேற்பக்கம் இழுபடும்; கீழ்ப்பக்கம் நெரிபடும். கருங்கல் நெரிவதை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. வேலிக்கால் ஏற்றிய மாட்டுவண்டியில் கல் எப்படி நடுவே பட்டென்று முறிகிறது என்று கண்டிருப்பீர்கள். மேலும், ஒரே அகலமும் கனமும் உடைய தளம் பத்து மடங்கு நீண்டால், அதன் எடை பத்து மடங்கு ஆவதோடு, அந்த எடை பிடிப்பிலிருந்து பத்து மடங்கு தள்ளியும் போய்விடுகிறது. வேரில் ஏற்படும் வளைதிறன் நூறு மடங்கு. கையை மடக்கிப் பிடித்த வாளியை, நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தோள் இதைச் சொல்லும்.

கான்கிரீட்டும் கல்லைப் போன்றதே, இழுபட்டால் விரியும். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பியைப் புதைக்கிறோம். இரு முனையும் சுவரில் தாங்கிய சாதாரண உத்தரத்தில் முக்கியமான கம்பி அடிப்பக்கம் இருக்கும். காண்டிலீவரில் அது மேற்பக்கம் இருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை மறந்து, பால்கனிக் கம்பியை அடியில் கட்டி விட்டாலோ, கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மேல்கம்பி கீழே அமுங்கிப் போனாலோ, பலகையைப் பிரித்த அன்றே பால்கனி இடிந்து விழும். நம் பக்கத்து இளைஞர் பலர் சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டும் வேலைக்கும் செல்கிறார்கள். அவர்கள் காதில் போட்டுவைக்க வேண்டிய செய்தி இது.

ஏறிக்கொண்டே போகும் அச்சு

நீட்டிய கைகளைத் தாங்க ஒரு முதுகெலும்பு வேண்டும் அல்லவா? கட்டடத்தின் நடுவே மின்தூக்கிகளைச் சூழ்ந்து, தடித்த கான்கிரீட் சுவர்களால் ஆன ஒரு குழாய் அடிமுதல் உச்சிவரை செல்கிறது. காற்று தள்ளும்போது கட்டடம் சாயாமல் பிடிப்பது முக்கியமாக இக்குழாயே. அந்தத் தள்ளு எவ்வளவு இருக்கும்? இன்றைய இந்தியத் தர விதிகள் பம்பாய்க்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர், சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 44 மீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் சுமார் 118 கிலோகிராம் எடைக்கு ஈடான தள்ளு. கட்டடத்தின் ஒரு முகம் 21 மீட்டருக்கு 84 மீட்டர், அதாவது 1,764 சதுர மீட்டர். பெருக்கினால் 200 டன்னுக்கு மேல். உயரம், வடிவம் ஆகியவற்றிற்கான திருத்தங்களைச் சேர்க்காத மோட்டுக் கணக்குதான் இது. ஆனாலும் எந்த அளவு விசையோடு விளையாடுகிறோம் என்று தெரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கட்டடம் முழுவதுமே தரையில் நட்டுவைத்த ஒரு பெரிய காண்டிலீவர்தான்.

இந்த நடுக்குழாயைக் கட்டிய விதம் சுவையானது. சுற்றியுள்ள மாடிகளுக்கு முன்பாகவே இது தனியே வளர்ந்தது. சறுக்கு அச்சு முறை என்று இதைக் கூறலாம். சுவரின் இரு புறமும் பலகை அடித்து, கான்கிரீட் கொட்டி, இறுகியபின் பிரித்து, மறுபடி மேலே அடிப்பது வழக்கமான சென்ட்ரிங். சறுக்கு முறையிலோ, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள அச்சு பிரிக்கப்படுவதே இல்லை. சுவருக்குள் நிற்கும் இரும்புத் தண்டுகளைப் பற்றிக்கொண்டு நீரியல் ஜாக்கிகள் அதை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போகும். மேலே புதுக் கான்கிரீட் கொட்டக் கொட்ட, கீழே அச்சை விட்டு வெளிவரும் பகுதி தன்னைத் தானே தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். விரைந்து உயர்த்தினால் கான்கிரீட் சரியும்; தாமதித்தால் அச்சோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். ஆகவே இரவு பகல் நிறுத்தாமல் வேலை நடக்க வேண்டும். தானியக் குதிர்கள், ஆலைப் புகைபோக்கிகள் ஆகியவற்றிற்கு வழங்கிய இம்முறை, இந்தியாவில் பன்மாடிக் கட்டடத்திற்கு இங்குதான் முதன்முதலாகக் கையாளப்பட்டது எனக் கூறப்படுகிறது. உறைகிணறு இறக்குவோர் மேலே உறையை அடுக்கிக்கொண்டே கீழே மண்ணைத் தோண்ட, கிணறு தானே இறங்கும். அதைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். சறுக்கு அச்சு விளங்கிவிடும்.

முப்பத்திரண்டு குடும்பங்கள்

இவ்வளவு அறிவும் உழைப்பும் முப்பத்திரண்டு வீடுகளுக்குத்தானா என்ற கேள்வி எழுவது இயல்பு. நான் இக்கட்டடத்தைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கொரியாவும் அதை அறியாதவர் அல்லர். கட்டடம் எழுந்த பெடர் சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஒற்றை அறையில் ஒரு குடும்பம் வாழும் சால்களும் குடிசைகளும் வந்துவிடும். 1960களின் நடுவில், நெரிந்துகொண்டிருந்த பம்பாய்த் தீவுக்கு மாற்றாகத் துறைமுகத்திற்கு அப்பால், நிலப்பகுதியில் ஒரு புதுநகரம் அமைக்க வேண்டும் என மூவர் திட்டம் தந்தனர். அந்த மூவர் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல். காஞ்சன்ஜங்காவை உருவாக்கிய அதே மூவர்! இன்றைய நவி மும்பை அத்திட்டத்திலிருந்து பிறந்தது. அதை நிறைவேற்ற அரசு நிறுவனம் ஏற்பட்டதும் 1970இல்தான். அதே ஆண்டில்தான் காஞ்சன்ஜங்காவும் தொடங்கியது. ஒரே மனிதரின் வரைபலகையில் ஒரு பக்கம் செல்வர்க்கான கோபுரமும், மறுபக்கம் எளியோர்க்கான நகரமும் இருந்திருக்கின்றன.

கோபுரம் முடிந்த 1983இலேயே அவர் நவி மும்பையின் பேலாப்பூரில் வேறொரு குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே மின்தூக்கியும் இல்லை, காண்டிலீவரும் இல்லை. 45 முதல் 75 சதுர மீட்டர் வரையுள்ள சிறு மனைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வீடும் வானம் பார்த்த முற்றமும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. பணம் சேரச் சேர அவரவர் வீட்டை அவரவரே வளர்த்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கொத்தனாரே கட்டிவிடக் கூடியவை. எளியோர்க்கு உயர்ந்த மாடி வேண்டியதில்லை, தரையும் திறந்தவெளியும் வேண்டும் என்பது அவர் முடிவு. உயரக் கட்டினால்தான் நிலம் மிச்சமாகும் என்ற பொது நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. கோபுரங்களுக்கு இடையே வெளிச்சத்திற்காக விடும் இடைவெளியைக் கணக்கிட்டால் மிச்சம் நாம் எண்ணும் அளவுக்கு இராது என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றைப் பிடிக்கும் வித்தையை அவர் செல்வர் வீட்டில் கற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் குறைந்த செலவு வீடுகளுக்கான போட்டி ஒன்றிற்காக அகமதாபாத்தில் 'குழாய் வீடு' என்ற ஒன்றைக் கட்டினார். சூடான காற்று சாய்ந்த கூரையின் அடியில் ஏறி உச்சித் திறப்பு வழியே வெளியேற, கீழிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அந்த வீடு 1995இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஏழைக்காகக் கண்ட உபாயத்திற்குச் சாட்சி இல்லை. செல்வர்க்காகக் கண்டது குன்றின்மேல் நிற்கிறது. இதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

காஞ்சன்ஜங்காவின் அருகிலேயே, அதே கம்பாலா குன்றில், 2010இல் முடிந்த 'ஆன்டிலியா' நிற்கிறது. அது 27 மாடி. உயரமோ 173 மீட்டர். மாடி ஒன்று குறைவு, உயரம் இரு மடங்கு. குடியிருப்பது ஒரே குடும்பம். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து எட்டாம் மாடி

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பம்பாயின் புழுக்கம் நமக்கில்லை. மின்விசிறியே வேண்டாத இரவுகள் பல. அத்தகைய ஊரில் குளிரூட்டும் பெட்டி இல்லாமல் இருக்க முடியாத வீடுகளைக் கட்டுகிறோம் என்றால், குற்றம் வெயிலுடையதன்று. கண்ணாடி, சூரிய ஒளியைத் தடையின்றி உள்ளே விடும். அவ்வொளி பட்டுச் சூடேறிய தரையும் சுவரும் வெளியிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. ஆகவே திரையை எங்கே தொங்கவிடுகிறோம் என்பது முக்கியம். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை, வெப்பம் வீட்டுக்குள் வந்தபின் அதைத் தடுக்கிறது. வெளியே தொங்கும் தட்டி, வரும் முன் தடுக்கிறது. தாழ்வாரம் செய்யும் வேலையும் அதுவே. 6.3 மீட்டர் முற்றம் நமக்குக் கிடைக்காது. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள பால்கனியை மேற்கில் வைத்து, அதன் விளிம்பில் தட்டியோ கொடியோ விட்டாலே பாதி வேலை முடியும். ஆனால் வாங்கியவர்கள் முதலில் செய்வது, அறை பெரிதாகட்டும் என்று அந்தப் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடுவது! முதல் அரணை இடித்து உள் அரணோடு சேர்த்துவிடுகிறார்கள்.

என் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். இருவருமாக மாலையில் நூல் பிடித்து அளந்தோம். சன்ஷேடின் நிழல் கண்ணாடியின் மேல் ஒரு சாண் அளவுக்கே விழுந்தது. மறுவாரம் அவர் ஓசூர்ச் சந்தையில் மூங்கில் தட்டி வாங்கிவந்து, பால்கனிக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். மாலை நாலு மணிக்குத் திரையை விலக்கிவைத்து, இரு பக்கக் கதவையும் திறந்துவைத்து உட்கார முடிந்தது என்று மகிழ்ச்சியோடு தொலைபேசியில் சொன்னார்.

பத்து நாள் கழித்துக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வெளித்தோற்றம் கெடுவதால் தட்டியை அகற்ற வேண்டுமாம். அது இப்போது கண்ணாடிக்கு உட்புறம் தொங்குகிறது.